கண்மாய்க்கரைப் பால்வாடியும் என் தப்புக் கணக்கும்

என் பொன்னுத்தாய் அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எம். புதுப்பட்டியில் நம் கண்மாய்க்கரையில் பால்வாடி திறந்தாயிற்று. உன் பேத்தி யாழினி போன திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் இருக்கிறாள்.

உன் மகள் செல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளை ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் விட்டுவிட்டு நீ ஏழாயிரம்பண்ணை வேனுக்கு ஓடுவாய். பட்டாசுக் கம்பெனியில் அவளை வாசலுக்கே விட மாட்டார்கள். இன்று அதே வேலைக்குச் செல்வி போகிறாள். அதனால்தான் இந்தக் கட்டடத்துக்கு மண் சோதனை செய்யும் வேலை என் கைக்கு வந்தபோது அம்புட்டுச் சந்தோஷப்பட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், கேள். கண்மாயோரம் கீழே முழுக்க ஈரக் களிமண். அதன் மேல் பாரம் ஏற்றினால், முதலில் அதைத் தாங்குவது மண் இல்லை, மண்ணுக்குள் அடைபட்ட தண்ணீர். அந்த உபரி நீரழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து குறையக் குறையத்தான் மண் இறுகி அமரும். அதற்குள் கட்டினால் சுவர் வெடிக்கும். ஆகவே முதலில் பாரமாக ஓர் ஆள் உயரத்துக்கு மண் மேடு போட்டு, எத்தனை மாதம் காத்திருப்பது என்று கணினியில் கணக்குப் போட்டேன். களிமண்ணுக்கு மேலும் கீழும் தண்ணீருக்கு வழி உண்டு என்று மென்பொருளில் குறித்தேன். நாலு மாதம் என்று விடை வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம், நீரழுத்தத்தை அளக்கக் களிமண்ணுக்குள் புதைத்திருந்த அழுத்தமானிகளைப் படிக்கப் போனேன். மேலே புதைத்தவற்றில் அழுத்தம் இறங்கியிருந்தது. அடியில் இருந்தவற்றில் பெரும்பகுதி அப்படியே நின்றது. கருவிதான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு மண் சோதனைக்கு முதலில் போட்ட குழிகளின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். கீழே தண்ணீரை வழியவிடும் மணல் இருந்தது ஒரே ஒரு மூலைக் குழியில். அதை நம்பி மனை முழுக்க மணல் என்று வரைந்திருந்தேன், அக்கா. இன்னும் இரண்டு குழி போடச் சொன்னேன். இரண்டிலும் களிமண்ணுக்கு அடியில் நேராகப் பாறை. தண்ணீருக்குக் கீழே வழியே இல்லை. திருத்திக் கணக்கிட்டால் பதினாறு மாதம்.

கான்ட்ராக்டர் மாரிச்செல்வம் கம்பியை இறக்கி வைத்துக் காத்திருந்தார்.

"நீங்கதான மேடம் நாலு மாசம்னு எழுதிக் குடுத்தீக? கையெழுத்து இருக்கு. எனக்கு அது போதும்," என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கருவியைப் படிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். பேசாமல் இருந்திருக்கலாம். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஊராட்சித் தலைவர் அம்மாவும் பத்துப் பதினைந்து பெண்களும் நின்றார்கள். செல்வி யாழினியை இடுப்பில் வைத்திருந்தாள். "நான் போட்ட கணக்கு தப்பு. இப்பக் கட்டக் கூடாது," என்று சொன்னேன்.

செல்விதான் முதலில் பேசினாள். "சித்தி, பட்டாசு சீசன் வந்துட்டு. இன்னும் எம்புட்டு நாளு இவள எவ வீட்டுலயாச்சும் விட்டுட்டுப் போறது?"

அவள் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

அந்த இரண்டு வாரமும் கணினி முன்னாலேயே கிடந்தேன். களிமண்ணில் நெருக்க நெருக்கமாகத் துளை போட்டு, கரடு மணலை நிரப்பினால், தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து மணல் வழியாக மேலேறி வெளியே வந்துவிடும். இந்த முறை இருப்பதிலேயே மோசமான மண்ணுக்குரிய எண்களை வைத்துக் கணக்குப் போட்டும் ஐந்து மாதம்தான் வந்தது. மாரிச்செல்வம் முணுமுணுத்தார், ஆனால் ஒரு துளையைக்கூட விடாமல் பக்கத்தில் நின்று போடவைத்தார்.

ஒரு வாரத்தில் மேட்டின் ஓரம் ஈரம் கசிந்தது. அடி அழுத்தமானி முதல் தடவையாக இறங்கியது. செல்விக்குப் போன் போட்டேன்.

"தண்ணி வருதுத்தா."

"சாப்பிட்டீகளா சித்தி?" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐந்தாம் மாதம் மேடு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கி, அப்படியே நின்றது. அதன் பிறகுதான் கடைக்கால் தோண்டினார்கள். இன்றைக்குச் சுவரில் மயிரிழை வெடிப்பு இல்லை. கதவை யாழினியே தள்ளிச் சாத்துகிறாள். வேனுக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு நடந்துதான் போகிறார்கள், அக்கா. யாரும் ஓடுவதில்லை.

இருந்தும் அந்த ஐந்து மாதம் பிள்ளைகளைத் தூக்கி அலைந்தவர்களுக்கு நான் என்ன சொல்ல? மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் எனக்குக் காப்பி கொடுத்தார்கள்.

அடுத்து மல்லாங்கிணறு பக்கம் ஒரு வேலை வந்திருக்கிறது. நாலு மூலையிலும் நடுவிலும் குழி போட்டுப் பார்க்காமல் கணினியைத் திறக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ இடுப்பில் தூக்கிச் சுமந்த தங்கச்சி,
சரசு