தக்கலையில் மாறியது குதிரை மட்டும்

இன்று காலை வீட்டில் காணம் வேகும் மணம் எழுந்தது. கொள்ளுத் துவையலுக்காம். எனக்கோ நம் லாயத்துக்குள் நிற்பதுபோல இருந்தது. சாப்பிடாமல் எழுந்து கடைக்கு வந்துவிட்டேன். வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

வடசேரியில் நாம் இருவரும் ஒரே ஆளிடம் குதிரை வண்டி ஓட்டியவர்கள். நான் மிச்சம் பிடித்துச் சொந்தமாகக் குதிரையும் வண்டியும் வாங்கினேன். நீ என்னிடமே ஓட்ட வந்தாய். நாலு பேர் இருந்தால் என்னை “மொதலாளி” என்பாய். அவர்கள் நகர்ந்ததும் “ஏலே” என்பாய். அந்த “மொதலாளி”யில் எப்போதும் கொஞ்சம் கேலி இருக்கும்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் களியக்காவிளைச் சந்தைக்கு வெற்றிலை ஏற்றத் தொடங்கினோம். வாடினால் விலை போகாது. அதனால் தக்கலையில் ஒரு மாற்றுக் குதிரை கட்டியிருந்தேன். போகும்போதும் வரும்போதும் அங்கே குதிரை மாறும். களைத்தது தண்ணீர் குடித்து நிழலில் நிற்கும். ஆள் மாறுவதில்லை. விடியுமுன் பூட்டுவதும், திரும்பி வந்து அவிழ்த்து, குதிரையைத் தேய்த்துவிட்டுப் பிறகு உண்பதும் நீதான். குதிரைக்கு நோவு வந்து வண்டி ஓடாவிட்டால் உனக்குக் கூலி கிடையாது. குதிரைக்குக் காணம் உண்டு. நாம் ஓட்டிய காலத்திலிருந்தே வழக்கம் அதுதான், நான் மாற்றவில்லை.

ஒருநாள் கடிவாளத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்:

“மொதலாளி, தக்கலையில எனக்கும் ஒரு மாத்தாளு கெட்டிப் போடும்.”

“குதிரை வெல தெரியுமாலே ஒனக்கு? செத்தா யாரு தருவா?”

“அப்போ நான் செத்தா நட்டமில்ல, என்ன?”

லாயமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல். “ரெண்டு நாளு கெடக்கட்டா?” என்றாய். “சந்தை கெடக்குமாலே?” என்றேன். வண்டி பூட்டினாய்.

அன்று பொழுது சாயும் நேரம், குதிரை தனியே வண்டியை இழுத்துவந்து லாய வாசலில் நின்றது. ஓடிப்போய் அதன் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். சக்கரத்தைப் பார்த்தேன். உன் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

“குதிரைக்கு ஒண்ணுமில்ல அண்ணே. அவிய எங்க?”

அவள் கேட்ட பிறகுதான் உன்னை நினைத்தேன்.

வில்லுக்குறி பக்கம் பாதையோரத்தில் கிடந்தாய். காய்ச்சல் மயக்கத்தில் கண் அசந்து விழுந்திருக்கிறாய். சக்கரம் மார்பில் ஏறியிருக்கிறது. மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் கண் திறந்து, “ஏலே, குதிரை வந்து சேந்துதா?” என்றாய்.

“வந்துட்டு மக்கா.”

“காலு?”

“நல்லா இருக்கு.”

உன்னைத் தேடுமுன் அதைத்தான் பார்த்தேன் என்பதை உன்னிடம் மறைத்தேன். அன்றே போய்விட்டாய்.

அதன்பின் தக்கலையில் ஆளையும் மாற்றினேன். காய்ச்சலில் கிடந்தவனுக்கும், வண்டி ஓடாத நாளுக்கும் கூலி கொடுத்தேன். “நீரு எங்க ஆளுவளையும் கெடுக்கீரு வே” என்று மற்ற வண்டி முதலாளிகள் ஏசினார்கள். நான் நொடித்துப் போகவில்லை. ஆறாத இடம் அதுதான். முதலிலேயே கொடுத்திருந்தாலும் நொடித்திருக்க மாட்டேன்.

இப்போது குதிரை இல்லை, லாரிதான். எது வந்து நின்றாலும் என் கண் முதலில் சக்கரத்துக்குத்தான் போகிறது. இழுத்துப் பிடித்து, ஓட்டி வந்தவன் முகத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். இத்தனை வருஷமாகியும் தானாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் இழுக்க வேண்டியிருக்கிறது.