பேரனைக் குளிப்பாட்டும் எஸ்தர் அம்மா

திருவானைக்காவல்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் பெலிண்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் வலது மணிக்கட்டைத் தவிர. அதுவும் மாவுக்கட்டுக்குள் சாதுவாகக் கிடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஷாரனும் புதிதாக வந்திருக்கும் சின்னவனும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சரி சரி என்று வைத்துவிடுகிறேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். விடுமுறை முடிந்து மலாவிக்குத் திரும்பும் உங்கள் மிஷன் டாக்டரிடம் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவைப் பார்க்க ஆளில்லை, ஊழியத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்குள் ஊரோடு வந்துவிடுகிறோம் என்று சொன்னாய். மிஷனுக்கு இன்னும் எழுதவில்லையே? எழுதாதே. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீயே யோசித்துப் பார்.

உன் பிரசவத்துக்கு வர அம்மா பெட்டி கட்டி, லேகியம் கிளறி டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள். கிளம்ப வேண்டிய வாரத்தில்தான் மழைக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடி, பாசியில் வழுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டு முதலில் வந்தது மாடி வீட்டுக் கமலவல்லி மாமி. வாசலில் ஆட்டோவோடு நின்ற ஜெகபர் சாதிக், "சார், நீங்க அம்மாவைப் புடிச்சுக்குங்க, மத்ததை நான் பாத்துக்குறேன்" என்று ஏற்றிக்கொண்டு போய், எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை சவாரிக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். வலிக்கு அம்மா அழவில்லை. விமான டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னபோதுதான் அழுதாள்.

சின்னவன் பிறந்ததும் வீடியோவில் காட்டினாயே, உங்கள் பக்கத்து வீட்டு எஸ்தர் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே அவனைப் பிளாஸ்டிக் தொட்டியில் குளிப்பாட்டியதை, அன்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதை நீ பார்த்திருக்க மாட்டாய். "என் பேரனை யாரோ குளிப்பாட்டுறாங்க, நான் இங்க கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். அன்று சாப்பிடவில்லை. குடும்ப ஜெபத்தில் நான் முடித்தபோது ஆமென்கூடச் சொல்லவில்லை. அப்படியே பல நாள் போயிற்று. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னென்னவோ கழற்றி மாட்டியிருக்கிறேன், உன் அம்மாவின் தலைமுடி மட்டும் எனக்குப் படியவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கமலவல்லி மாமி சீப்போடு வந்தார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்றாள், உனக்குத்தான் தெரியுமே, இவள் யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கமாட்டாள். மாமி விடவில்லை. பின்னிக்கொண்டே சொன்னார், "எம் பொண்ணு அமெரிக்காவுல பிள்ளை பெத்தப்போ கொரோனா, பிளேனே கெடையாது. பக்கத்தாத்து மெக்ஸிகோக்காரிதான் குழந்தையைக் குளிப்பாட்டி, இவளுக்கும் சூப்பு வெச்சுக் குடுத்தாளாம். அவ பேர்கூட நேக்கு வாயில நொழையல. அவளுக்கு நான் என்னத்தைத் திருப்பிப் பண்ண முடியும், சொல்லுங்கோ? அதான் இங்க ஒங்க தலையைப் பின்னறேன்." அதற்குப் பிறகு அம்மா தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் உனக்கு வீடியோவில் போன் போடச் சொல்லி, எஸ்தர் அம்மாவிடம் கொடு என்றாள். நீ கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய். இவள் தமிழில் பேசுகிறாள், அவர் அவர்கள் பாஷையில் பேசுகிறார், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் இவள் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். எஸ்தர் அம்மா சின்னவனை மார்பில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, இவள் கைக்காக வெகுநேரம் ஜெபம் பண்ணினார். முடித்ததும் அம்மா சத்தமாக ஆமென் சொன்னாள். குளிப்பாட்டும் வீடியோ பார்த்த நாளிலிருந்து நான் கேட்ட முதல் ஆமென் அதுதான்.

அடிபம்பில் தண்ணீர் வந்தது, பப்பாளி காய்த்தது, சாயங்காலம் முழுக்கக் கரண்ட் இருந்தது என்று நீ ஸ்தோத்திரத்தோடு எழுதும்போதெல்லாம், பிள்ளை எவ்வளவு கஷ்டப்படுகிறது என்றுதான் நாங்கள் வருத்தப்பட்டோம். இப்போது உன் அம்மாவே ராத்திரி ஜெபத்தில் மாமியின் பின்னலுக்கும் சாதிக் ஆட்டோவுக்கும் நன்றி சொல்கிறாள். என் சாம்பாருக்கும் சொல்கிறாள், உப்பு சரியாக இருந்த நாளில் மட்டும். ஆகவே எங்களுக்கு ஆளில்லை என்று இனி சொல்லாதே. உன் கிளினிக்குக்கு அத்தனை தூரம் நடந்து வரும் தாய்மாருக்குத்தான் அங்கே உன்னை விட்டால் வேறு நர்ஸ் இல்லை. கட்டுப் பிரித்து, கைக்குப் பயிற்சி முடிந்ததும் ஜனவரியில் நாங்களே வருகிறோம்.

பார்சலில் லேகியம் இருக்கிறது, தவறாமல் சாப்பிடு. கூடவே நீலப் பட்டுச்சேலை ஒன்று இருக்கும். சின்னவனின் ஞானஸ்நானத்துக்குக் கட்ட அம்மா தனக்கென்று எடுத்தது. ஜனவரிவரை ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கச் சொல்லலாமா என்று கேட்டேன், கூடாது என்றுவிட்டாள். அதை எஸ்தர் அம்மாவுக்கு நீயே கட்டிவிட வேண்டுமாம். அன்று ஆலயத்தில் சின்னவனை அவர்தான் கையில் ஏந்தி நிற்க வேண்டுமாம். கொசுவலையை ஒருநாளும் மறக்காதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஷாரனுக்கும் சின்னவனுக்கும் எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தே. ஞானசிகாமணி

(கீழே உள்ள கோணல் கையெழுத்து அம்மா இடது கையால் போட்டது.)