முதலில் நம் சத்தத்தைக் கழித்துவிட்டு

நேற்று வீடு மாற்றுவதற்காக அலமாரியைக் காலி செய்தபோது, பல கம்ப்யூட்டர் கம்பிகளை ஒன்றாய்ச் சேர்க்கும் உன் பழைய ஹப் பெட்டி கிடைத்தது. மின்சாரம் கொடுத்தேன். ஒரே ஒரு பச்சை விளக்கு எரிந்தது. நீ போய்விட்டாய், இது மட்டும் உயிரோடு இருக்கிறது, பாவி.

அப்போது நாம் ஒன்றாக வேலை பார்த்த கேளம்பாக்கம் ஆபீசில் தினமும் மதியம் மூன்று மணிக்கு சர்வர் இணைப்பு அறுந்துபோகும். பழி என் புரோகிராம் மேல். "இன்னிக்குள்ள காரணம் சொல்லு, இல்லாங்காட்டி நாளைக்கு வராத" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கம்பியில் துண்டு துண்டாகப் போகும் தகவல் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்க நானே ஒரு நிரல் எழுதித் திணறிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய்.

"இன்னா மச்சான், அதுக்குன்னு ரெடியா எழுதின லைப்ரரி கீது. எவனோ எழுதி சும்மா குடுத்துகீறான். எடுத்துக்க உனக்கு இன்னா கௌரவம்?"

கோபம் வந்தது. நீ சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

சர்வர் கம்பியில் உன் ஹப்பைக் கோத்து, அதில் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் செருகினாய். அந்த லைப்ரரியை வைத்துப் பத்து பதினைந்து வரி எழுதினோம். என் இருக்கையிலிருந்தே கம்பி வழியாக அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அதை ஓட்டினேன். திரை நிற்காமல் ஓடியது. "இவ்ளோ பேரா?" என்று வாயைப் பிளந்தேன்.

"எல்லாம் நீதான்" என்று சிரித்தாய். "உன் ஸ்கிரீனுக்கு வர்ற வரியும் கம்பியிலதான் வருது. அதையும் புடிச்சி இன்னொரு வரி காட்டுது. மொதல்ல உன் சத்தத்த கழி. அப்பால மத்தவன் பேசறது கேக்கும்."

என் மிஷினை ஒதுக்கச் சொல்லி வடிகட்டியில் ஒரு வரி சேர்த்தாய். திரை அடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இந்த முகவரி எண் யாருடையது என்று ஒரு மிஷின் கேட்க, என்னுடையது என்று இன்னொன்று சொல்லிற்று. இத்தனை நாள் காலடியில் ஓடிய கம்பிக்குள் இப்படி ஒரு ஊரே பேசிக்கொண்டிருந்ததா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. முகம் தெரியாத யாரோ எழுதி வைத்தது நமக்காக அந்தக் கதவைத் திறந்தது.

மூன்று மணிக்கு ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தது. ஒன்று சர்வர். மற்றது, தினமும் அந்த நேரத்துக்கு மட்டும் போடப்படும் பக்கத்து அறை பிரிண்டர். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார்கள்; அதனால்தான் இணைப்பு அறுந்தது. என் வேலை தப்பியது.

நீ கடைசியாக போன் செய்த நாளில் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். என் ஆபீஸ், என் பையன், என் முதுகுவலி. நடுவில் "மூச்சு வாங்குது மச்சான்" என்றாய். போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. நாளைக்குக் கூப்பிடலாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் என் சத்தத்தைக் கழித்துவிடுகிறேன். உன் ஒருவனுக்குத்தான் அதைச் செய்யவில்லை.