எட்டாம் கட்டத்தில் எட்டு

தண்டவாளம் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நேற்று சனிக்கிழமை, உங்கள் மகள் வருவதற்கு முன் பலகையிலுள்ள பொம்மை ரயில் தண்டவாளம் முழுவதையும் துடைத்தேன். முதல் நாளும் துடைத்திருந்தேன். கைக்கு வேறு வேலை கொடுக்கத் தெரியவில்லை.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்களிடம் ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

உங்கள் சிவப்பு மின்சார இன்ஜின் என் வீட்டில்தான் இருந்தது. கடைசியாக இங்கே குலாய்க்கு வந்த அன்று, "அடுத்த வாரம் வரத்தானே போறேன், இங்கயே நிக்கட்டும்ணே" என்று அதை அட்டைக் குகைக்குள் தள்ளிவிட்டுப் போனீர்கள். ஒரு சாண் நீளம். கூரையின் மேல், மின்கம்பியைத் தொட எழும்பும் மெல்லிய கை. வயிற்றுக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு, ஒரு குட்டி ஒலிபெருக்கி. தூசி படாது என்று நானும் அதை வெளியே எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான்கு மாதமாக அந்தக் குகைப் பக்கம் பார்க்காமலே பழகியிருந்தேன்.

என்னைவிட ஆறு வயது இளையவர் நீங்கள். செடெனாக் பக்கத்தில் எண்ணெய் ஆலையில் மின்சார வேலை பார்த்தவர். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பழகியதாலோ என்னவோ, உங்களை 'நீ' என்று அழைக்க எனக்குக் கடைசிவரை கூச்சம். நீங்கள் முதல் நாளிலிருந்தே 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டீர்கள்.

என் இன்ஜின்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. சில்லின் நினைவில் எந்தக் கட்டத்தில் எந்த எண், வேகம் எவ்வளவு, ஹாரன் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். உங்கள் இன்ஜினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டேன்.

"அலமாக், என்னாண்ணே, இன்ஜினுக்கும் பொறந்த சூராவா?" என்று, பிறப்புச் சான்றிதழா எடுக்கிறீர்கள் என்பதுபோலச் சிரித்தீர்கள். "எல்லாம் காதுல இருக்குலா."

அந்தக் காதை நான் நம்பினேன். குலாய் ஸ்டேஷன் வேலியோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்கள். கூரைக் கை கம்பியைத் தொடும் 'டக்', பிறகு ஒரு சிறு மௌனம், அதன் பிறகு விசிறி, கடைசியில் ஹாரன். உங்கள் இன்ஜினில் அந்த மௌனத்தை இரண்டு மடங்காக நீட்டி வைத்திருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "சட்டையப் போட்டுட்டுத்தானேண்ணே மனுஷன் வெளிய கெளம்புவான்?" என்றீர்கள். ஹாரனும் அப்படித்தான், அடுத்த அறையில் யாரோ தூங்குவதுபோல மெதுவாக ஒலிக்கும். தொலைவில் போகும் ரயில் அப்படித்தான் கேட்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அது உங்கள் கலை என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை காலை என் பச்சை இன்ஜின் முரண்டு பிடித்தது. எட்டாம் கட்டத்தில் எட்டு என்று எழுதினால் சில்லு எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பும். அப்படி எழுதும்போது தண்டவாளத்தில் ஒரே ஓர் இன்ஜின்தான் நிற்க வேண்டும். நிற்பவை எல்லாமே அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்துவிடும். இந்த விதியைச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். நீங்கள் மறந்தபோதெல்லாம் இருமிக் காட்டியவனும் நான்தான்.

எழுதினேன். பச்சை இன்ஜின் ஒருமுறை துள்ளியது. குகைக்குள்ளும் ஏதோ துள்ளியது.

அன்று மாலையே உங்கள் மகள் போன் செய்தாள்.

"அங்கிள், சனிக்கிழமை வரட்டுமா? அம்மாவுக்கு முட்டி வலி, வர முடியாது. அப்பா வச்ச சத்தத்த ஒரு தடவ கேக்கணும்னு சொல்றாங்க. வீடியோ எடுத்துட்டு, அப்படியே இன்ஜினையும் கொண்டு போறேன்."

"வாம்மா" என்றேன். நடந்ததைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் உங்கள் இன்ஜினின் ஹாரனைக் குறைத்தேன், கூட்டினேன். மௌனத்தை நீட்டினேன், சுருக்கினேன். ஒருமுறை கேட்டால் இதுதான் என்று தோன்றும். மறுமுறை கேட்டால் இதுவா என்று தோன்றும். மாலைக்குள் உங்கள் சத்தம் எது, நான் வைத்தது எது என்று பிரித்தறிய முடியவில்லை. இன்னும் தொட்டால் ஞாபகத்தில் இருப்பதும் அழிந்துவிடும் என்று பயந்து, மீண்டும் எட்டாம் கட்டத்தில் எட்டை எழுதினேன். சில்லு பழுதாகிவிட்டது என்று ஒரு பொய்யும் தயாராக இருந்தது. இரவெல்லாம் அதைத்தான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன்.

ஆனால் வாசலில் அவளைக் கண்டதும், செருப்பைக் கழற்றக்கூட விடாமல் உளறிவிட்டேன்.

"உங்கப்பா வச்ச சத்தத்த நான் அழிச்சிட்டேன்மா. தெரியாமச் செஞ்சிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓட்டிக் காட்டுங்க அங்கிள், பாப்போம்" என்று கைப்பேசியை நீட்டிப் பிடித்தாள்.

பொத்தானை அழுத்தினேன். 'டக்'. உடனே விசிறி. உடனே ஹாரன், அறை அதிரும்படி. என் தோள் தூக்கிப்போட்டது. கட்டுப்பாட்டுக் கருவி கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணும் நிறைந்துவிட்டது. "இதேதான் அங்கிள்! வீட்டுல இப்படித்தான் அடிப்பாரு. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ஜன்னலையே சாத்திடுவாங்க."

"இல்லம்மா, இங்க மெதுவாத்தான்..."

"இங்க வர்ற அன்னிக்குக் காலையில உக்காந்து கொறைப்பாரு. 'அண்ணனுக்குச் சத்தம்னா தூக்கிப் போடும், வெளிய காட்டிக்க மாட்டாரு'ன்னு சொல்வாரு. அந்த இடைவெளிகூட, ஹாரன் வரப்போவுதுன்னு நீங்க தயாராகிக்கத்தான். வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா ஏத்திடுவாரு."

ஏழு வருடங்களாக நான் மறைத்துவைத்திருந்ததாக நினைத்தது உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் வேறொன்று வந்தது. அதுதான் என்னை இன்று காலையிலிருந்து எழுதவைக்கிறது. இன்னும் எத்தனை விஷயங்களை, என்னிடம் வந்து சேருமுன் இப்படிக் குறைத்துக் கொடுத்தீர்கள்? மருத்துவமனையிலிருந்து போனில் சொன்னீர்களே, "சும்மா செக்கப்புண்ணே, ரெண்டே நாளு. பஸ் ஏறி அலையாதீங்க" என்று. நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. நான் வரவில்லை.

உங்கள் மகள் இன்ஜினைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி ரெண்டு நாள் அப்பா எப்படிம்மா இருந்தாரு?" என்று கேட்டேன். "கொறைக்காமச் சொல்லு."

நிமிர்ந்து பார்த்தாள். "கஷ்டமா இருக்கும் அங்கிள்."

"இருக்கட்டும்."

பெட்டியை மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதானே. நடுவில் இரண்டு முறை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். போதும் என்று நான் சொல்லவில்லை. அது இப்போது என்னிடம் இருக்கிறது, நீங்கள் எனக்கென்று குறைக்காத அளவில்.