ஒற்றைச் சமக்குறி

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அர்வா எழுதுகிறேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல், நடந்தபடியே எழுதப்போகிறேன். உங்கள் முட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேர் மட்டும் கடைக்குப் போய்விட்டு ஐந்தரைக்கே விடுதிக்குத் திரும்பினோம். ஆறு மணி வரை நேரம் உண்டு. ஆனால் விடுதியின் மூத்த மாணவி டார்லின் அக்கா, சி என்ற கணினி மொழியில் எழுதிய வருகைப்பதிவு நிரல் மூவரையும் 'தாமதம்' என்று காட்டியது.

"ஏட்டி, கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா?" என்றார் வார்டன்.

நிரலைத் திறந்து பார்த்தேன். தாமதம் என்பது அதில் ஒரு பூலியன். உண்மை, பொய் இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கும். 'உண்மையா?' என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். அக்கா ஒன்றுதான் போட்டிருந்தார். ஒற்றைச் சமக்குறி கேட்காது. 'உண்மை' என்று அதுவே எழுதிவிடும்.

அதைச் சொன்னேன்.

"எர்ரரே வரல மிஸ். இவ பெரிய மேதாவி மாரி பேசுதா," என்றார் அக்கா.

"லேட்டா வந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா அடுத்த சனிக்கிழம வீட்டுக்குப் போவாண்டாம்," என்றார் வார்டன்.

மற்ற இருவரும் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை. அதனால் வருகிற சனிக்கிழமை விக்கிரமசிங்கபுரம் பஸ் நிலையத்தில் எனக்காகக் காத்து நிற்காதீர்கள்.

அன்றிலிருந்து யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. ஒரு சின்னப் பூட்டு அனுப்புங்கள், என் பெட்டியைக் கிளறுகிறார்கள். ஒரு சாவி உங்களிடமே இருக்கட்டும்.

மணி எட்டுதான் ஆகிறது. ஒன்பதுக்கு அணைக்க வேண்டிய விளக்கை வார்டன் இப்போதே அணைத்துவிட்டார்.

அர்வா