மண்டபத்தூருக்கு விழாத சீட்டு

பக்கத்து வீட்டு மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. இன்று காலை அவர்கள் மாடியில் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். ஈரத்துணி வெயிலில் காயும் மணம், அதோடு லேசாகப் பால்வாடை. காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். உன்னிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியது. உள்ளே வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம்மைச் சேர்த்தது ஒரு வேலை. எழுபதுகளின் பின்பாதி அது. சென்னையிலிருந்து ஒரு பொருளாதாரப் பேராசிரியர் காரைக்காலுக்கு வந்திருந்தார். பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆள் தேடினார். அடுப்படி வரை போய்ப் பேச வேண்டும் என்பதால் பெண்கள்தான் வேண்டும் என்றார். பொருளாதாரம் படித்துவிட்டு நெடுங்காட்டில் சும்மா இருந்த நான் போனேன். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த உன் வாப்பாவை எப்படியோ சம்மதிக்க வைத்து நீயும் வந்தாய். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பேச்சாக, "பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றாய்.

பேராசிரியருக்கு ஓர் ஊகம் இருந்தது. சிலேட்டும் புத்தகமும் வாங்க வழியில்லாததால் பிள்ளைகள் நிற்கிறார்கள், அதைக் கொடுத்தால் வந்துவிடுவார்கள் என்று நினைத்தார். நம் கையில் இருந்த அச்சடித்த கேள்விகளும் அதையொட்டியே இருந்தன. நாமும் அப்படியே கேட்டுக்கொண்டு போனோம், மண்டபத்தூர் போகும் வரை.

அங்கே காலை நேரத்தில் குடிசைகளில் பெரியவர்களே இல்லை. ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் மீன்கூடையோடு காரைக்கால் சந்தைக்கு பஸ் ஏறியிருந்தார்கள். வாசலுக்கு வாசல் சின்னப் பெண்கள், இடுப்பில் ஆளுக்கொரு கைக்குழந்தை. முதல் குடிசையில் இருந்தவள் அஞ்சலை. பத்து வயது இருக்கும். நாம் கேட்டது எதுவும் அவள் காதில் விழவில்லை. இடுப்பில் தம்பி வீரிட்டுக்கொண்டிருந்தான். நீ துப்பட்டியை எடுத்துக் கூரைக்கழியில் முடிந்து தூளி கட்டினாய். குழந்தையை வாங்கிப் போட்டு, காலால் ஆட்டிக்கொண்டே அவளிடம் பேசினாய். அவன் தூங்கியதும் அஞ்சலை தன் இடது கையை இரண்டு தரம் உதறிவிட்டு மணலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தில் எவ்வளவு அலுப்பு இருந்தது என்பதை நாம் இருவரும் பார்த்தோம்.

"பள்ளிக்கொடம் புடிக்காதா ஒனக்கு?"

"புடிக்கும். மூணாப்பு வரைக்கும் போனேன். தம்பி பொறந்துட்டான்ல."

"சிலேட்டு இருக்கா?"

"இருக்கே. அதுலதான் இவனுக்குப் படம் போட்டுக் காட்டுவேன்."

நீ என்னைப் பார்த்தாய். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாய். பிறகு கேட்டாய்: "ஒன்னைய யாருடி தூக்கி வளத்தா? ஒங்கம்மா நடவுக்குப் போயிடுவாங்கள்ல?"

"எங்க அக்கா."

"அவங்க எதுவரைக்கும் படிச்சாங்க?"

அக்கா கையெழுத்து மட்டும் போடுவாள். அதுவும் நான் கற்றுக்கொடுத்தது. நான் பி.ஏ. படித்ததற்கும் அவள் படிக்காததற்கும் நடுவே என்னைச் சுமந்த அவள் இடுப்பு இருந்தது என்பது எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை. நீ என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். காரைக்கால் வரும் வரை விடவில்லை.

பேராசிரியரை ஒன்று பாராட்ட வேண்டும். நாம் சொன்னதைக் கேட்டு மறுநாள் அவரே வந்து பார்த்தார். சிலேட்டுத் திட்டத்தைத் தள்ளி வைத்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு கொட்டகை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி, இதைச் செய்துபார்ப்போம் என்றார். ஆனால் ஓர் ஊரில் மட்டும். மண்டபத்தூரையும் கரையோரம் அதேபோல் இருந்த இன்னோர் ஊரையும் எடுத்து, சீட்டுக் குலுக்கி, விழுந்த ஊரில் கொட்டகை. விழாத ஊரில் ஒன்றும் செய்யாமல் ஒரு வருடம் வேடிக்கை பார்ப்பது. சீட்டு மண்டபத்தூருக்கு விழவில்லை.

"ரெண்டு ஊருக்கும் செஞ்சா என்ன சார்?" என்று நீ கேட்டாய்.

"இந்த வருஷம் மீன் நல்லாப் பட்டுதுன்னா கொட்டகை இல்லாமலே கூடப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் வரலாம்மா. குடுக்காத ஊரையும் பாத்தாதான் எதனால வந்தாங்கன்னு தெரியும். தெரிஞ்சாதான் மத்த ஊருக்கெல்லாம் சர்க்கார்கிட்ட கேக்க முடியும்."

அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. உனக்கும் புரிந்தது. நீ எழுந்து நின்றாய்.

"புரியுது சார். ஆனா ஒரு வருஷம் கழிச்சு மண்டபத்தூருக்கு உண்டா, இல்லையா?"

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா நான் அந்த ஊருக்குள்ள போவ மாட்டேன் சார். உண்டுன்னு நீங்க வந்து அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லுங்க. அப்பறம் ஒரு வருஷம் என்ன, நான் மழையிலயும் போயி எழுதிட்டு வர்றேன்."

நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். உள்ளதும் போய்விடுமே என்று எனக்குப் பயம். நீ உட்காரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, வர்றேன்" என்றார்.

வந்தார், சொன்னார். ஆனால் அவரை பஸ் ஏற்றிவிட்ட பிறகு அஞ்சலையின் அம்மா நம்மைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஊருப் புள்ளைக்கு இப்ப, எம் புள்ளைக்கு அடுத்த வருஷமா? அதுக்குள்ள இவ சமைஞ்சுட்டா நான் எங்கேருந்து பள்ளிக்கொடம் அனுப்புறது?" என்று கத்தினாள். நீ சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ஆமாக்கா, நீங்க சொல்றது நெசந்தான்" என்றாய். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு வருடம் உனக்கு லேசாக இல்லை. மாதாமாதம் மண்டபத்தூர் பள்ளிக்குப் போய் யார் யார் வந்தார்கள் என்று எழுதினாய். அஞ்சலை குடிசை வாசலில் தம்பியோடு நின்று உன்னைப் பார்த்துச் சிரிப்பாள். வராதவர்கள் கணக்கை எழுதும்போதெல்லாம் அதில் அவளும் ஒருத்தி. "தூளி கட்டி விட்டுட்டு அவள கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிடலாமான்னு வருதுடி" என்று ஒருநாள் சொன்னாய். செய்யவில்லை. செய்தால் மொத்தமும் பாழ் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அழுதாய் என்று உன் உம்மாதான் என்னிடம் சொன்னார்கள்.

வருடம் முடிந்தபோது வித்தியாசம் யாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. கொட்டகை இருந்த ஊரில் பெண்பிள்ளைகள் தம்பி தங்கைகளை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடினார்கள். மண்டபத்தூரில் பழைய கதைதான். பேராசிரியர் வாக்கு மாறவில்லை என்றாலும் சட்டென்று நடக்கவுமில்லை. அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். நகராட்சியை அப்போதும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் 'மேரி' என்றே சொல்லும் உன் வாப்பா, "சும்மா நிக்காதம்மா, எல்லா எடத்துலயும் மனுவப் போடு, மேரியிலயும் போடு" என்றார். நீ மீன்காரப் பெண்களையே அழைத்துக்கொண்டு போனாய். மழைக்காலம் கழிந்து கொட்டகை வந்தது.

அதற்குள் அஞ்சலையின் தம்பி ஓடியாடத் தொடங்கிவிட்டான். அவள் நேரே உன்னிடம் வந்து, "கொட்டகையில புள்ளைங்கள நான் பாத்துக்கவாக்கா?" என்றாள்.

"நீ தூக்குனது போதும். போயி வகுப்புல ஒக்காரு."

போனாள். நாலாம் வகுப்பில் எல்லோரையும் விட ஒரு சாண் உயரம். பையன்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாளோடு நின்றுவிட்டாள். அடுத்த நாள் நீ போய் அவளை இழுத்து வந்து, வகுப்பில் அவள் பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்துகொண்டாய். தலைமையாசிரியர் பதறிப்போய், "என்னம்மா இது?" என்றார்.

"எனக்கும் வாய்ப்பாடு மறந்துபோச்சு சார். சொல்லிக் குடுங்க."

வகுப்பே சிரித்தது, ஆனால் இப்போது உன்னைப் பார்த்து. ஒரு வாரம் அப்படி உட்கார்ந்தாய். ஏழாம் வாய்ப்பாட்டில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாயாம், அஞ்சலை திருத்துவாளாம். அதற்குப் பிறகு நீ போகத் தேவைப்படவில்லை. அவள் எட்டாவது தேறிய அன்று, அவள் அம்மா முழு வஞ்சிரம் ஒன்றை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "ஒங்க மவள ஏசிட்டேம்மா அன்னிக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாமே. அந்த மீனில் ஒரு துண்டு எனக்கும் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் நீ படுத்துவிட்டாய். சிறுநீரகம். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது, பேராசிரியரின் கட்டுரை அச்சாகி வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைக் கட்டிலோரம் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணை மூடிக் கேட்டாய்.

"இதுல அஞ்சலை எங்கடி இருக்கா?"

"வராத புள்ளைங்கள்ல."

கண்ணைத் திறந்து சொன்னாய்: "சரியாத்தான் எழுதியிருக்காரு. அந்த வருஷத்துக்கு அவ அங்கதான்." பிறகு என் கன்னத்தைத் தட்டி, "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? இப்ப அவ படிச்ச புள்ளடி" என்றாய். அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் மண்டபத்தூர்ப் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அந்த வேலையிலேயே முடி நரைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்த ஊருக்கு என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. போன மாதம் ஒரு கூட்டம். உள்ளே எல்லோரும் என் மகள் வயதுப் பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். விடுபட்ட ஊர்களுக்கு எப்போது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றேன். அப்புறம் பார்க்கலாம் மேடம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் நான் வரவில்லை என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஒரு பெண் கேட்டாள், "இது எந்த விதியில மேடம் இருக்கு?"

"விதியெல்லாம் இல்லம்மா. என் சிநேகிதி புடிச்ச பிடிவாதம்" என்றேன்.

பிடிவாதம் என் இயல்பில் கிடையாது, உனக்குத் தெரியும். முந்தானையைப் பிடித்து இழுத்தவள் நான். இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் அதை உன்னிடம் கடன் வாங்கித்தான் பேசுகிறேன்.