கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

பிப்ரவரி 11

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் இருவரும் போனில் பேசினால் ஐந்து நிமிடத்துக்குள் சண்டை வந்துவிடுகிறது. நீங்கள் "சரி, வெச்சிடு" என்கிறீர்கள். நானும் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் யாரும் யாரையும் வைக்கச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்த வாரமே என் செருப்பு காணாமல் போய்விட்டது. வழக்கம்போல் கதவுக்கு வெளியே கழற்றி வைத்திருந்தேன், காலையில் இல்லை. புது ஜோடி வாங்கினேன். அதுவும் போயிற்று. எங்கள் மாடியில் ஆறு வீடுகள், ஆறு நாட்டுக்காரர்கள். இந்த ஊர் மொழியை ஆளுக்கு ஓர் இடத்தில் உடைத்துப் பேசுகிறோம். யாரைப் பார்த்தாலும் நல்லவராகத் தெரிகிறார். யாரைச் சந்தேகப்படுவது?

வழியனுப்ப வந்த அன்று, "நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வந்துடறேன்" என்றீர்கள். அந்தப் பின்னாடிக்கு அடுத்த மாதம் ஒன்றரை வயது. உங்களுக்குக் கிடைத்த விசா ஜூன் முடிகிறவரைதான் செல்லும். அதற்குள் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும். மறுபடி மனுப் போட எனக்குத் தெம்பில்லை.

உங்கள்
நர்ஸம்மா

*

பிப்ரவரி 25

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதத்தை அக்காதான் முதலில் பிரித்துப் படித்தாள். "புருஷன் கூட இருந்தா செருப்பு தொலையுமா? எருமை மாதிரி இங்க உக்காந்திருக்கியே!" என்று எனக்குத்தான் திட்டு. அவள் என்னுடன் பிறந்தவளா, உன்னுடன் பிறந்தவளா என்று சந்தேகமாக இருக்கிறது.

செருப்பு விஷயத்துக்கு ஒரு யோசனை. ஒன்றை மட்டும் வெளியே வை, இன்னொன்றை உள்ளே வை. ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் தொடமாட்டான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். விபத்தை நடப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

நான் கிளம்பத் தயார்தான். பேங்க் மேனேஜர் மனைவிதான் தடையாக இருக்கிறார். மூன்று தடவை டெஸ்டில் தோற்றுவிட்டார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். நடுவில் விட்டுவிட்டு வந்தால் என் பெயர் என்ன ஆவது? அவர் லைசென்ஸ் வாங்கியதும் அடுத்த வண்டி ஏறுகிறேன்.

அன்புடன்
வாத்தியார்

*

மார்ச் 14

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் யோசனைப்படி டியூட்டி ஷூவில் ஒன்றை வெளியே வைத்தேன். மறுநாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் எதிர்வீட்டு அம்மா. டவுன் பஸ் ஓட்டுகிறவர், நல்ல ஆகிருதி. கையில் என் ஒற்றை ஷூ. காலில் என் முதல் செருப்பு, குதிகால் பாதி வெளியே தொங்குகிறது.

"இன்னொண்ணு எங்க? குடுக்கறதுன்னா ஜோடியாக் குடு. ஒத்தைய வெச்சு யாரு என்ன பண்ண முடியும்?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். இந்தக் கட்டடத்தில் வேண்டாத பொருளைக் கதவுக்கு வெளியே வைப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. நான் வந்த நாளாகத் தர்மம் செய்வதாக நினைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஜோடியை மேல்மாடிக் கடிகாரக்காரர் தன் மனைவிக்கு எடுத்துப் போயிருக்கிறார். பஸ் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். அதற்குப் பிறகு செருப்பைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வருமா?

கொடைவள்ளல் என்று பெயர் வாங்கியாயிற்று. இப்போது எல்லோரும் பதில் மரியாதை செய்கிறார்கள். கடிகாரக்காரர் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார், பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. கோடி வீட்டுப் பையன்கள் மீனில்லாத மீன்தொட்டி கொடுத்தார்கள். அப்புறம் மூன்று நாற்காலிகள். அதில் ஒன்று பஸ் அம்மா கொடுத்த பெரிய சாய்வு நாற்காலி. அவருடைய கணவர் உட்கார்ந்ததாம். "அவர் இப்ப இல்லையா?" என்று தயங்கிக் கேட்டேன். "இருக்கான். வேற வீட்டுல, வேற நாற்காலில" என்றார்.

என் வீட்டுக்காரர் வரப்போகிறார், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்று சொன்னேன். "அப்ப இது அவருக்கு. வரட்டும், இந்த ஊர்ல ஓட்ட நான் கத்துக் குடுக்கறேன்" என்றார்.

உங்கள்
நர்ஸம்மா

*

மார்ச் 30

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

ஒரே அறை. ஒரே ஆள். மூன்று நாற்காலிகள். யார் யார் வந்து உட்காருகிறார்கள்? சந்தேகத்தில் கேட்கவில்லை, கணக்கு உதைக்கிறதே என்று கேட்கிறேன். அந்தக் கடிகாரக்காரருக்கு என்ன வயது?

பஸ் ஓட்டும் அம்மாவின் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் இந்த ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்தவன் நான். என்னை உட்காரவைத்து ஒருவர், "கண்ணாடியைப் பாரு, கிளட்சை மெதுவா விடு" என்று சொல்வதா? அதுவும் அங்கே ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஓட்டுகிறார்களாம். இத்தனை வருடம் எதைச் செய்தால் மாணவர்களைத் திட்டினேனோ, அதையே நான் செய்ய வேண்டுமாம்.

மேனேஜர் மனைவிக்கு நான்காவது தடவையும் போச்சு. எனக்குக் கடைவாய்ப் பல்லில் வேறு வலி.

அன்புடன்
வாத்தியார்

*

ஏப்ரல் 17

வாத்தியாருக்கு,

கடிகாரக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. அவர் நாட்டில் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். இங்கே கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுகிறார். எங்கள் வீட்டு நாற்காலியில் அவரும் அவர் மனைவியும் உட்காருகிறார்கள், பஸ் அம்மா உட்காருகிறார். சாய்வு நாற்காலியில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. நான் சொல்லவில்லை, அவர்களாகவே அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

மேனேஜர் மனைவியும் இல்லை, பல்லும் இல்லை. உங்கள் லைசென்ஸ் இங்கே செல்லாது. புதிதாகக் கற்று டெஸ்ட் கொடுக்க வேண்டும். தோற்றுவிட்டால்? அதுதான் காரணம். அது எனக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும்.

நான் இருபத்தாறு வருடம் ஊசி போட்டவள். இங்கே முதியோர் இல்லத்தில் சேர்ந்த அன்று, மகள் வயதுப் பெண் ஒருத்தி எனக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுத்தாள். "விரலுக்கு நடுவில, ம், இன்னும் நல்லா" என்றாள். கழுவினேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. கை சுத்தமாயிற்று.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அந்த நாற்காலி என்னைப் பார்க்கிறது. பயன்படாததை வெளியே வைப்பது இந்தக் கட்டடத்து வழக்கம். மே முடிவதற்குள் டிக்கெட் எடுத்த செய்தி வராவிட்டால் நாற்காலியை வெளியே வைத்துவிடுவேன்.

நர்ஸ்

*

மே 6

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

'நர்ஸ்' என்று மொட்டையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். 'அம்மா' எங்கே போனாள்?

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அக்கா எனக்குச் சோறு போடுவதில்லை. "டிக்கெட்டைக் காட்டு, தட்டை வைக்கறேன்" என்கிறாள். பல்லைப் பிடுங்கியாயிற்று. உண்மையாகவே வலித்தது, நீ நம்பமாட்டாய். ஐந்தாவது டெஸ்ட் ஜூன் இரண்டாவது வாரம். நாற்காலி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம்.

அன்புடன்
வாத்தியார்

*

ஜூன் 1

வாத்தியாருக்கு,

நேற்று இரவு டியூட்டிக்குப் போகும் முன் நாற்காலியை வெளியே இழுத்து வைத்தேன். கனமான நாற்காலி. நிலைப்படியில் இடித்து முட்டியில் காயம்.

காலையில் திரும்பி வரும்போது போயிருக்கும் என்று நினைத்துத்தான் படியேறினேன். அங்கேயே இருந்தது. அதன்மேல் ஒரு மெத்தை, கடிகாரக்காரர் மனைவி தைத்தது. மெத்தைமேல் ஆண்கள் போடும் வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி, புதிது. கோடி வீட்டுப் பையன்கள் வைத்த மேசை விளக்கு. ஓரமாக டிரைவிங் டெஸ்டுக்குப் படிக்கிற புத்தகம், பஸ் அம்மாவுடையது, பக்கங்களெல்லாம் நைந்து போயிருக்கிறது.

அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "வரப் போறாரா? அதான் நாற்காலிய வெளிய வெச்சு தூசி தட்டறியா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்காலியை உள்ளே இழுக்கவும் மனம் வரவில்லை. அது வாசலிலேயே இருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம், "எப்ப? எப்ப?" என்கிறார்கள். நான் என்ன சொல்லட்டும்? இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

நர்ஸ்

*

ஜூன் 12

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

மேனேஜர் மனைவி பாஸ். ரிவர்ஸில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாராம். "எப்படிம்மா?" என்று கேட்டேன். "உங்க காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்குங்கற தைரியத்துலதான் சார் கண்ணை மூடினேன். டெஸ்ட்ல நீங்க பக்கத்துல இல்ல. திறந்துதானே ஆகணும்?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். சட்டையைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே போய் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜூன் 24, காலை விமானம். அக்கா டிக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டை வைத்தாள். "ரத்து பண்ண முடியுமா இது?" என்று கேட்டாள். முடியாது என்றேன். அப்புறம்தான் குழம்பு ஊற்றினாள்.

பஸ் அம்மாவிடம் சொல். முப்பது வருடம் பிரேக் என் காலில் இருந்தது. இனிக் கொஞ்ச நாள் அவர் காலில் இருக்கட்டும். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீ பின்சீட்டில் உட்கார்ந்து சிரிக்கக் கூடாது.

நாற்காலியைத் தொடாதே. உன் முட்டி வேறு காயமாக இருக்கிறது. நானே வந்து உள்ளே தூக்கி வைக்கிறேன். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வாசல்படி தாண்டுவேன், பயப்படாதே.

இப்படிக்கு,
பின்னாடியே வந்துகொண்டிருக்கும்
வாத்தியார்